விதி ஒப்பிக்கத் தெரியாத டிரைவர்

எங்கள் பார்சல் கம்பெனியில் டிரைவர்கள் பதினைந்து பாதுகாப்பு விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். கேட்டு மார்க் போடுவது என் வேலை.

சேகர் அண்ணன் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவையும் சொல்லாவிட்டால் அவரை வண்டி ஓட்ட விடக்கூடாது. மனசு கேட்காமல், இன்று அவருடைய வேனிலேயே ஏறி உட்கார்ந்து கேட்டேன்.

நாலாவது விதிக்கு மேல் அவருக்கு வரவில்லை.

செக்காலை ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் ஆள் இறக்க நின்றது. வலப்பக்கம் தாராளமாக இடம் இருந்தது.

"போயிரலாம்ணே" என்றேன்.

அவர் பிரேக்கை மிதித்தார்.

அடுத்த நொடி, கைக்குழந்தையோடு ஒரு பெண் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து குறுக்கே வந்தார், நாங்கள் போயிருக்க வேண்டிய இடத்தில். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

அவர் மறுபடி வண்டியை எடுத்ததும் கேட்டேன்.

"எப்படிண்ணே தெரிஞ்சது?"

"இறங்குனவுக அங்குட்டுப் போகணும்ல சார். பஸ்ஸுக்கு முன்னாடிதான வருவாக."

எங்கள் தாளில் அது ஒன்பதாவது விதி. அதை மனப்பாடமாக வைத்திருந்த நான்தான் போகச் சொன்னேன்.

பாஸ் போட்டுவிட்டு இப்போது நிம்மதியாக டீ குடிக்கிறேன். மேலதிகாரி கேட்டால் என்ன சொல்லலாம் என்று கமெண்டில் சொல்லுங்கள்.