குழாய்த் தண்ணீருக்கு நான் போட்ட மேக்கப்

பத்து நாளைக்கு முன்னால் ஒரு குட்டு உடைந்தது. என்னுடையதுதான். உடைத்தவள் என் மகள் மீரா, எட்டாம் வகுப்பு.

ஸ்கூலிலிருந்து வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் என் லேப்டாப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, என் பாட்டில் தண்ணிய நீ சேஞ்ச் பண்ணியா? சச் போலோ!"

புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண். கோபம் வந்தால் 'உண்மையைச் சொல்' என்பதற்குக்கூடத் தமிழோடு இந்தியும் துணைக்கு வந்துவிடும்.

விஷயம் இதுதான். மீராவின் வகுப்பு இந்த வருடம் எங்கள் ஹடப்சர் பகுதியின் தண்ணீரைச் சோதித்து மேப் போடுகிறது. ஒவ்வொருவரும் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துப் போக வேண்டும். அதில் கொஞ்சத்தை மருந்து போட்ட குட்டி பாட்டிலில் ஊற்றி இரண்டு நாள் வைப்பார்கள். கறுத்துப்போனால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். அந்த பில்டிங்குக்கு மேப்பில் சிவப்புப் பொட்டு. கறுக்காவிட்டால் பச்சை.

அன்று காலை மீரா பிடித்துவைத்த பாட்டில் சமையல் மேடையில் இருந்தது. அடியில் ஏதோ பொடிப்பொடியாகத் தங்கியிருந்தது. லேபிளில் கொட்டை எழுத்தில் அவள் பெயர், பில்டிங் பெயர், ஃபிளாட் நம்பர்... இந்த லட்சணத்தில் கொண்டுபோனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அவள் யூனிஃபார்ம் போட்டு வருவதற்குள் அதைக் கொட்டிவிட்டு, ஃபில்டர் தண்ணீரை நிரப்பிவிட்டேன்.

வகுப்பில் என்ன ஆயிற்று தெரியுமா? உப்பு அளக்கிற மீட்டரை வைத்தால், பாதிப் பேருடைய பாட்டிலில் உப்பே இல்லை! போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாத ஏரியாவில்! இதெல்லாம் குழாயிலிருந்து வந்ததில்லை, உப்பை எடுத்துவிடும் ஃபில்டரிலிருந்து வந்தது என்று ஷிண்டே மிஸ் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

ஆக, நான் மட்டும் இல்லை. மராட்டி, குஜராத்தி, தமிழ் — வீட்டு மானம் என்று வந்துவிட்டால் நாமெல்லாம் ஒரே ஜாதி.

"சாரிடா... எல்லாரும்தான் பண்ணிருக்காங்களே" என்று இழுத்தேன்.

"லேபிள்ல நான் சைன் பண்ணிருக்கேன். நானே பிடிச்சேன்னு." மீராவின் கண் கலங்கியிருந்தது. "வாட்ச்மேன் காகா வீட்ல ஃபில்டர் இல்லப்பா. அவங்க குழாய்லேர்ந்துதான் குடிக்கறாங்க. நம்ம பில்டிங் பச்சைன்னு போட்டா டேங்க்கை யார் கழுவுவாங்க?"

சுருக்கென்றது. மீரா சித்தப்பா முறையில் 'காகா' என்று கூப்பிடும் அந்த வாட்ச்மேனின் இரண்டு குழந்தைகளும் தினமும் எனக்கு குட்மார்னிங் சொல்கிறவர்கள். நானோ எங்கள் பில்டிங் சங்கமான சொசைட்டியில் கமிட்டி மெம்பர் வேறு. வெட்கமாக இருந்தது.

கிச்சனிலிருந்து என் மனைவி சுதா கோயமுத்தூர்க் குரலில் கேட்டாள்: "ஏனுங்க, புள்ளைக்குப் பரீட்சை எழுதிக் குடுக்கறதும் இதும் ஒண்ணுதானுங்களே?"

பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: தண்ணீரை மாற்றியது நான், மீரா இல்லை. பிறகு ஒரு அம்மா, "மீ பண்" என்றார். மராட்டியில் 'நானும்தான்'. அடுத்து இன்னொரு அப்பா. அப்புறம் வரிசையாக... எல்லோரும் மறுபடி பாட்டில் கொண்டுவரட்டும் என்றார் மிஸ்.

இந்த முறை மீராவின் தண்ணீர் இரண்டே நாளில் தார் மாதிரி கறுத்தது. சிவப்புப் பொட்டு! மேப்பை சொசைட்டி குரூப்பில் போட்டேன். "இதைப் பார்த்தால் நம்ம ஃபிளாட்டை யார் வாங்குவார்கள்?" என்று ஒருவர் கேட்டார். முதலில் கீழே இருக்கும் இரண்டு குழந்தைகளைப் பாருங்கள் என்று பதில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை டேங்க்கைக் கழுவினோம். அடியிலிருந்து வந்த சேற்றைப் பார்த்த பிறகு அவரும் வாளியோடு வந்து நின்றார். அதுவரை எங்கள் ஃபில்டர் தண்ணீர் வாட்ச்மேன் வீட்டுக்குப் போனது. அது போக வேண்டிய இடமும் அதுதான்.

நேற்று மறுபடி சாம்பிள். பாட்டிலில் பிடிப்பதற்கு முன்னால் குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட வேண்டுமாம்.

"அப்பா, ஹெல்ப் பண்றியா?" என்றாள் மீரா.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாட்டிலை வாங்கக் கையை நீட்டினேன்.

"அதைத் தொடாதே. டைம் மட்டும் பாரு."

பார்த்தேன். அறுபது செகண்ட். ஒரு செகண்ட்கூட ஏமாற்றவில்லை!