சைக்கிள் டாக்டர் ஏரிக்குப் போன கதை

என் வீட்டுக்காரருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் சைக்கிள் டாக்டர். இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டுவார், சக்கரத்தில் கோட்டம் எடுப்பார், செயின் மாற்றுவார், எல்லாம் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துத்தான். பெடலைக் கையால் சுற்றிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, "போங்க, பறக்கும்" என்பார். ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னால் உடனே முட்டி வலி வந்துவிடும்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தொலையட்டும் என்று நானும் விட்டிருப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிளில் ஏழு மேடு மூச்சு வாங்காமல் ஏறினாராம்! கையை விட்டுவிட்டு ஓட்டினாராம்! வருகிறவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து கேட்பார்கள். நான் உள்ளே டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருப்பேன்.

நானோ பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போனவள். கல்யாணமான மறுவாரம் கடைச் சைக்கிள் ஒன்றை எடுத்தேன். "டாக்டர் பொண்டாட்டி தெருவுல சைக்கிள் ஓட்டினா என் மரியாதை என்ன ஆகறது?" என்று குதித்தார். அன்றோடு சரி. சைக்கிள் கடையில் வாழ்ந்துகொண்டு இருபது வருடமாக எங்கேயும் நடந்தே போகிறேன். அந்த எரிச்சல் எனக்குத் தீரவே இல்லை.

இந்த வருடம் கோடை விழாவில் ஏரிவரை சைக்கிள் பயணம் வைத்தார்கள். விழாத் தலைவர் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்காரர். நேராக வந்து, "டாக்டரே, நாற்பது சைக்கிளும் உங்க பொறுப்பு, முன்னாடி போறதும் நீங்கதான்" என்றார். இவரும் நெஞ்சை நிமிர்த்திச் சரி என்றுவிட்டார். சாயங்காலம் சட்டை நனைய வேர்த்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நீ ஓட்டு. நான் கேரியர்ல உக்காந்து பின்னாடி வர்றவங்களைக் கவனிச்சுக்கறேன்னு சொல்லிடறேன்."

"மரியாதை என்ன ஆகறதுன்னு குதிச்சீங்களே?"

"அது அப்போ. இப்ப குட்டு உடைஞ்சா கடைப்பக்கம் ஈ காக்கா வராது, பார்த்துக்கோ."

அவர் மானத்துக்காக நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏரிவரை ஆறு கிலோமீட்டர் நான் ஓட்டலாம். அதற்காக அந்த மூட்டையையும் சுமக்கத் தயாராக இருந்தேன்.

விழாவன்று, பயணம் கிளம்புகிற பூங்கா வாசலுக்குப் போனால், மகானுபாவர் செய்து வைத்திருந்த வேலையைப் பார்க்க வேண்டுமே! நாற்பது சைக்கிளையும் வரிசையாக நிறுத்தி, நூல் பிடித்து, எல்லாச் சீட்டையும் ஒரே உயரத்துக்கு ஏற்றி முறுக்கியிருந்தார். பார்வைக்கு லட்சணமாக இருக்க வேண்டுமாம். ஒரு நாளாவது ஏறி உட்கார்ந்தவன் செய்கிற காரியமா இது? விசில் ஊதியதும் பாதிப் பேருக்குக் கால் எட்டவில்லை. தலைவர் நாலடி போய் பாங்க் காசாளர் மேல் சாய்ந்தார். காசாளர் ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்த பாண்டுக்காரர் மேல் சாய்ந்தார். பெரிய டிரம் உருண்டு வேலிக்குள் போனது. இவர் கேரியரில் இருந்தபடியே, "ரோடு சரியில்ல!" என்று கத்தினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தலைவர் மட்டும் லேசுப்பட்டவரா? "நானாத்தான் இறங்கினேன்" என்று மீசையில் மண் ஒட்டாத மாதிரி எழுந்தார். ஸ்பேனரை எடுத்து ஓடி ஓடிச் சீட்டுகளை இறக்கியது நான்தான்.

ஒருவழியாகக் கிளம்பினோம். சரிவில் காற்று முகத்தில் அடித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பின்னால் அவர் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று முனகினார். தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் மட்டும் ஒரு கையை ஆட்டினார்.

ஏரிக்கரையில் தலைவர் மைக்கில், "டாக்டரம்மா என்ன அழகா ஓட்டினாங்க!" என்றார். இவர் மைக்கைப் பிடுங்கி, "எல்லாம் நான் கத்துக்கொடுத்ததுதான்" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. காலைக் கட்டிப்போட்ட மனிதர் பேசுகிற பேச்சா இது! சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன்.

"திரும்பறப்ப நீங்க ஓட்டுங்க. நான் கேரியர்ல வர்றேன்."

கூட்டம் கை தட்டியது. அவர் "முட்டி..." என்று ஆரம்பித்தார். "ஏழு மேடு ஏறின முட்டிதானே?" என்றேன். முகம் வெளுத்துப்போய் என்னையே பார்த்தார். நான் கேரியரைத் தட்டிக் காட்டினேன். கடைசியில் மைக்கிலேயே சொல்லிவிட்டார்: "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

கொல்லென்று சிரிப்பு. "என்ன ஒரு அடக்கம்! ஏழு மேடு ஏறின மனுஷன்!" என்று தலைவர் அவர் கழுத்தில் பதக்கத்தை மாட்டினார். வாழ்நாளில் ஒரே ஒரு உண்மை சொன்னார், அதையும் இந்த முட்டாள் ஊர் நம்பவில்லை. அவரும் மெல்ல நிமிர்ந்து, பல்லைக் காட்டி, பதக்கத்தை நேராக்கிக்கொண்டார்.

இதற்கு மேல் அவரிடம் எதை எதிர்பார்ப்பது? சைக்கிளைப் பிடுங்கி ஏறினேன்.

"ஏய், அப்ப நான்?" என்று பதக்கம் குலுங்க ஓடி வந்தார்.

"நடந்து வாங்க. ஆறு கிலோமீட்டர்தானே, நான் இருபது வருஷம் நடந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.