களைப்பு வராத பெண்ணின் ஒரே புத்தகம்

தொண்ணூறுகளில் நான் தி. நகரில் ஒரு சின்ன காமிக்ஸ் பதிப்பகத்தில் வேலை பார்த்தேன். பனகல் பார்க்குக்குப் பின்னால், பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். வெளிநாட்டுச் சித்திரக் கதைகளை வாங்கி, அதிலிருக்கும் ஆங்கிலப் பேச்சை அழித்துவிட்டு, ஆட்களின் வாயருகே வரைந்திருக்கும் பலூன்களுக்குள் தமிழை நிரப்புவோம். நிரப்புவது என் வேலை. நாள் முழுக்க யாராவது யாரையாவது மிரட்டுவதையும், யாராவது யாரையாவது காப்பாற்றுவதையும் எழுதிவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் நசுங்கி மயிலாப்பூர் வந்து சேருவேன். கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. கணவருக்கு சூட்கேஸ் கடை. மாமியாருக்கு முட்டிவலி. எட்டாவது முடித்து ஒன்பதாவது போகும் மகள். மறுநாள் காலை தண்ணி லாரி வருவதற்குள் குடங்களை வரிசையில் போட்டாக வேண்டும். அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இடுப்புவலிதான்.

ஒருநாள் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். மயிலாப்பூர்க்காரர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர்.

"வெளிநாட்டுக் கதை இனிமே ஒழுங்கா வராது போலிருக்கு. நம்ம கதையே போடலாம்னு இருக்கேன். சின்னப் பொண்ணு ஒருத்தி, ஏதாவது சக்தியோட. உங்காத்துலயும் அந்த வயசுல ஒருத்தி இருக்காளோல்லியோ? நீங்களே எழுதுங்கோ."

"எங்க வீட்டுப் பொண்ணு மாதிரியேவா சார்?"

நான் கேட்டதன் அர்த்தம் அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ஏன், முஸ்லிம் பொண்ணுன்னா சக்தி வரப்படாதா?" என்றார். சொன்னதில் அவருக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. அப்படித்தான் அது ஆரம்பித்தது.

அவளுக்கு என்ன சக்தி கொடுப்பது என்று தண்ணி வரிசையில் நின்றுகொண்டே யோசித்தேன். பறப்பதில் எனக்கு ஆசை இல்லை. பறந்தாலும் கடைசியில் இந்தக் குடத்துக்குப் பக்கத்தில்தான் இறங்க வேண்டும். அவளுக்குக் களைப்பே வராது என்று வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து ராத்திரி வரை ஓடினாலும் மூச்சு வாங்காது, ஓட ஓட பலம் கூடும். திருடனை அடையாறு வரை துரத்திப் பிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மாவும் அரைப்பாள். எழுதும்போது எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. என் பெரியம்மாவின் பெயரை அவளுக்கு வைத்தேன்.

படம் போடுகிறவர் கோடம்பாக்கத்துக்காரர். வெகுகாலம் சினிமா பேனர் வரைந்தவர். அந்த வேலை குறையவும் எங்களிடம் வந்திருந்தார். அவர் கொண்டுவந்த முதல் படத்தில் கால்வரை கறுப்பு அங்கி, கண்ணில் சுர்மா மை, கழுத்தில் பிறை வைத்த டாலர்.

"யாருண்ணே இது?"

"உங்க பொண்ணுதாம்மா."

"எங்க வீட்ல யாரும் இப்படி இல்லையே. பள்ளிக்கூடம் போற பொண்ணு. யூனிஃபார்ம் போட்டு, துப்பட்டாவைத் தலைக்கு மேல போட்டிருப்பா. அவ்வளவுதான்."

"இப்டி போடலன்னா பாக்குறவனுக்கு எப்டிம்மா தெரியும், அது முஸ்லிம் பொண்ணுன்னு?"

"யாராவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அப்போ தெரியும்."

"அதுக்கப்புறந்தான் தெரியணுமா?"

"அதுக்கப்புறம் தெரிஞ்சா போதும்."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "சரி, ஒரு தபா பொண்ண இட்டுக்கினு வாங்க. பாத்து வரையறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீஸ் மொட்டைமாடியில் அவர் சொன்னபடி ஓடினாள், குனிந்தாள், கையை நீட்டினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணித்தொட்டி நிழலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

"அம்மா, இவளுக்கு நெசமாவே களைப்பே வராதா?"

"வராது. அதான் அவ சக்தி."

"பாவம்மா. அப்போ எல்லா வேலையையும் அவ தலையிலதானே கட்டுவாங்க."

அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை.  என் மகள் என்னைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"வேற என்ன சக்தி கொடுக்கலாம், நீ சொல்லு" என்றேன்.

யோசிக்கவே இல்லை. "அவ உக்காந்தா எல்லாம் நின்னுடணும். அவ எந்திரிக்கிறவரைக்கும் எதுவும் அசையக் கூடாது."

படம் போடுகிறவர் சிரித்தார். ஆனால் அவர் கை அதற்குள் அவள் உட்கார்ந்திருப்பதை வரைய ஆரம்பித்திருந்தது.

எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். பட்டினப்பாக்கத்தில் கடல் பொங்கி மீனவர் குடிசைகளை நோக்கி வருகிறது. எல்லோரும் ஓடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் ஒருத்தி மட்டும் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு மணலில் உட்காருகிறாள். அலை அப்படியே நிற்கிறது. ஒரு பக்கம் முழுவதும் அந்த அலைதான். அதன் அடியில் துப்பட்டா போட்ட சின்ன உருவம். பேனர் வரைந்த கை அல்லவா, அலை நிஜ அலையாகவே இருந்தது. முதலாளி அந்தப் பக்கத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

புத்தகம் வெளிவந்தது. லஸ் முனை பிளாட்பாரக் கடையில் கயிற்றில் தொங்குவதை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போய்க் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அன்றைக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. இறங்கவில்லை.

அந்த வருஷங்களில் ஊர் ஒரு மாதிரி இருந்தது. பெயரைக் கேட்டபிறகு பேச்சின் குரல் மாறுவதை நாங்கள் கவனிக்கப் பழகியிருந்தோம். முதலில் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து பெரியவர் ஒருவர் கணவரின் கடைக்கு வந்தார். டீ குடித்தார். "வயசுக்கு வந்த புள்ளைய இத்தனை ஆம்பளைங்க நடுவுல மண்ணுல உக்கார வச்சு வரையணுமா தம்பி?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டுப் போனார். கணவர் என்னிடம் அதைச் சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மகளின் வகுப்பில் புத்தகம் கைமாறிப் போய், ஒரு தோழி பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். படிக்க வேண்டாம் என்று அப்பா சொன்னாராம். மகள் கிழிந்திருந்த அட்டையை ஒட்டி அலமாரியில் வைத்தாள்.

முதலாளிக்கும் அவர் பக்கத்து ஆட்களிடமிருந்து பேச்சு வந்திருக்கிறது. ஒரு மாதம் போனதும் கூப்பிட்டார்.

"உக்காந்தா நின்னுடறது, அது பிரமாதம். அதுல கையே வைக்க வேண்டாம். பேரை மட்டும் மாத்திண்டா போறும். என் தம்பியே கேக்கறான், வேற பொண்ணே கெடைக்கலையான்னு. பேரை மாத்திட்டா ரெண்டு பக்கமும் சும்மா இருப்பா. துப்பட்டாவைத் தோள்ல போட்டுடலாம்."

"அப்போ அவ வேற பொண்ணு சார்."

"என்ன பண்ணலாம்கறேள்?"

"நிறுத்திடலாம்."

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதை மறைக்க மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றியதே அவருக்குத்தான். வாதாடியிருக்கலாம். வாதாடினால் இன்னொரு புத்தகம் வந்திருக்கும், அதற்கு அப்புறம் இன்னொரு வாதம். ஒவ்வொரு மாதமும் அவளுக்காக இங்கேயும் பதில் சொல்லி அங்கேயும் பதில் சொல்ல எனக்கு உடம்பில் தெம்பில்லை. அவளை வேறு பெயரில் கூப்பிடவும் மனசில்லை.

படம் போடுகிறவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் அடுத்த கதைக்கு பென்சில் வேலையை முடித்துவிட்டிருந்தார். பண்டிகைக் கூட்டத்தில் ரங்கநாதன் தெரு. தலைக்கு மேல் தலை. அத்தனை பேரும் எடுத்த அடி பாதியிலேயே உறைந்து நிற்கிறார்கள்.

"இன்னாம்மா, அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணே."

"தெருவையே வரைஞ்சி வச்சிக்கினு கீறேனே நானு."  பிறகு சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். "சரி வுடுங்க. டீ சொல்லட்டா?"

டீ குடித்தோம். அவர் மருமகளுக்குக் குழந்தை பிறக்கப் போவதைப் பற்றிச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது, அழுவாள் என்று நினைத்தேன். "பேரை மாத்தச் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ நிறுத்தினது சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டைத் திறந்தாள். நான் அரிசி களைய உள்ளே போனேன். அன்றைக்கு எனக்கு வருத்தத்தைவிட, தலையிலிருந்து ஒரு சுமை இறங்கிய உணர்வுதான் அதிகமாக இருந்தது. வருத்தம் வர இன்னும் சில வருஷங்கள் ஆயின.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மகளை வரைவதற்காக ஆபீஸ் மொட்டைமாடிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மகள் வெகுநேரம் தூங்கினாள். வெயில் கட்டில்வரை வந்துவிட்டது. "பொம்பளைப் புள்ள இவ்வளவு நேரம் தூங்குதே, எழுப்பு" என்று மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"தூங்கட்டும் மாமி" என்றேன். ஜன்னல் கதவைப் பாதி சாத்திவிட்டு நானும் அவள் பக்கத்தில் சாய்ந்துகொண்டேன்.