'வாரேன்' என்று ஒரு கட்டளை

எமில்டா எங்கள் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொண்டவள். எங்களுடையது துறைமுகத்துக்கு எதிரே கிளியரிங் ஏஜென்சி. சரக்கு கப்பலேறத் தேவையான காகிதமெல்லாம் அந்தச் சர்வருக்குள்தான். அவள் புருஷன் கப்பலில் வேலை. கையில் மூன்று வயதுப் பிள்ளை. இந்த வேலை போனால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதால், முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சி என்ன சொன்னாலும் மறுபேச்சு பேச மாட்டாள். எனக்கு அதுதான் பிடிக்காது.

நாங்கள் எல்லாரும் ஒரே யூசர் பெயரில்தான் உள்ளே நுழைவோம். ஆளுக்கொரு பெயர் வைக்கலாம் என்றாள் எமில்டா. அண்ணாச்சிக்கு அது வீண் சோலி. வேலை முடிந்து வெளியேற, மெனுவில் 'போறேன்' என்று எழுதியிருந்தாள். அண்ணாச்சி குதித்தார்.

"ஏளா, தொழில் பண்ணுத எடத்துல எவனாவது போறேம்பானா? வாரேன்னு மாத்து."

மாற்றினாள். சொல்லை மட்டும் மாற்றியிருந்தால் சரியாய்ப் போயிருக்கும். இவளோ, வாரேன் என்று போனவர் வரும்வரை விட்ட வேலை அப்படியே காத்திருக்கட்டும் என்று எழுதிவிட்டாள். நாங்கள் பழசைத் தேடாமல் ஒவ்வொரு தடவையும் புதிதாக நுழைந்தோம். பழசெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டே கிடந்தது.

உள்ளே ஓடும் ஒவ்வொரு வேலையும் ஒரு புரோசஸ்; ஒரு பெயரில் ஒரே சமயத்தில் இத்தனைதான் ஓடலாம் என்று லினக்ஸில் வரம்பு உண்டு. ஒருநாள் அது நிரம்பியது. பாஸ்வேர்டு சரி, ஆனால் யாரையும் உள்ளே விடவில்லை. எமில்டா வரம்பைக் கூட்டினாள், திறந்தது. அண்ணாச்சி மெச்சிக்கொண்டார்.

அடுத்த வாரம் இறால் கண்டெய்னருக்குக் காகிதம் போக வேண்டிய நாளில் மறுபடி அடைத்துக்கொண்டது. மறுபடி கூட்டினாள். இந்தத் தடவை சர்வரே மூச்சுத் திணறியது. ஒருவழியாக, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பெயரில் நுழைந்து உள்ளே ஓடுவதைப் பார்த்தவள் அண்ணாச்சியைக் கூப்பிட்டாள்.

"எல்லாம் நான் எழுதுன வாரேன்தான் அண்ணாச்சி" என்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், பாவி.

அத்தனையையும் நிறுத்திச் சர்வரைச் சரிசெய்வதற்குள், அந்தக் கப்பலுக்குச் சரக்கு எடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. மாற்றச் சொன்னது யார் என்பதைப் பற்றி அண்ணாச்சி மூச்சே விடவில்லை. "நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார்.

எமில்டாவுக்குச் சென்னையில் இரவு வேலை. பிள்ளை அவள் அக்கா மரியசெல்வியிடம் வளர்கிறது. போன வாரம் பிள்ளையைப் பார்க்க நான் அங்கே போயிருந்தபோது எமில்டா வீடியோவில் கூப்பிட்டாள். பிள்ளை திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு போனை மரியசெல்வியிடம் நீட்டியது.

"அம்மா, ஒனக்குத்தான்."