நான்கு தார் டின்னும் ஒரு செருப்புக்கடையும்

புது ரப்பர் செருப்பின் வாசமும் கொதிக்கிற சால்னாவின் வாசமும் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி... திண்டுக்கல் கடைவீதியில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே அந்தோணி அண்ணனின் செருப்புக்கடை. அதை ஒட்டி, பேகம்பூர் பாய் ஒருவரின் பரோட்டாக் கடை. இரண்டு வாசமும் ஒன்றாகவே படியேறி வரும்.

பாய் கடைக்குள் எட்டுப் பேர் உட்காரலாம். வருகிறவர்கள் நாற்பது பேர். ஆகவே சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெரு ஹோட்டலாகிவிடும். பெஞ்சுகள் வெளியே வரும். டவுன் பஸ் யார் முதுகையும் உரசாமலிருக்க, மணல் நிரப்பிய நான்கு தார் டின்களை உருட்டி நிறுத்தி, குறுக்கே சவுக்குக் கம்புகளைக் கட்டுவார்கள்.

இந்த டின் கோட்டை செருப்புக்கடை வாசலையும் சேர்த்து வளைத்துக்கொண்டது.

செருப்பு வாங்க வருகிறவர் கம்புக்கடியில் குனிந்து நுழைந்து, நாலு இலைகளைத் தாண்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டாவது இலையிலேயே மனம் மாறி, ஒரு செட் பரோட்டா சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள்.

அண்ணனுக்கு வருஷம் என்பது பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம்தான். கறுப்பு ஷூ விற்றால் கடை நிற்கும். விற்காவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டு, சித்தையன்கோட்டையில் மச்சான் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போக வேண்டியதுதான் என்று என்னிடமே சொன்னார். அந்த ஜூனில் முதல் வாரம் முடிந்தும் ஷூக்கள் பெட்டியை விட்டு இறங்கவில்லை.

"டீச்சர், முனிசிபாலிட்டிக்கு ஒரு மனு அடிச்சுத் தாங்க. காரமா இருக்கட்டும்."

'பெரும் இடையூறு' என்று அடித்தேன்.

"காரம் பத்தல."

'சொல்லொணா' என்பதையும் முன்னால் சேர்த்தேன். திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார்.

முனிசிபாலிட்டியிலிருந்து நேரில் பார்க்க ஆள் வருவதாக இருந்த அன்று, அண்ணன் நாலு மணிக்கே தலை சீவிக்கொண்டு வாசலில் நின்றார். ஐந்து மணிக்குக் கோட்டை எழுந்தது. சாட்சிக்குக் குறைவில்லை...

ஐந்தரைக்குப் பறைச் சத்தம் கேட்டது. சாவு ஊர்வலம்.

பிணம் போகும்போது எங்கள் கடைவீதியில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் நடுரோட்டில், பாதி சாப்பாட்டில் இருக்கிற நாற்பது பேர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

முதலில் பாய் சால்னா அண்டாவை மூடினார். அடுப்பை அணைத்தார். கொத்துச் சத்தம் நின்றது. நாற்பது பேரும் இடது கையில் தட்டோடு எழுந்தார்கள். இலை போட்டவர்கள் இலையை அப்படியே ஏந்திக்கொண்டார்கள். பெஞ்சுகள் ஓரம் போயின. கம்புகள் அவிழ்ந்தன. "தூக்கு" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வழக்கமாக இரண்டு பேர் உருட்டுகிற டின் ஒன்றை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்த ஒரு ஒல்லியான மனிதர் தனியாக உருட்டிக்கொண்டிருந்தார்.

அந்தோணி அண்ணன்.

மாடியில் பன்னிரண்டு மெஷின்களும் நின்றுவிட்டன. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகிறவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. உயிரோடு இருந்தபோது அவருக்கு எங்கள் ஊர் இவ்வளவு அகலமாக வழிவிட்டிருக்காது.

ஊர்வலத்தின் வாலில், முந்த முடியாமல் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தவர்தான் முனிசிபாலிட்டிக்காரர். தெருவைப் பார்த்தார். துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"எங்கய்யா தடுப்பு?"

"இப்பத்தான் சார் எடுத்தோம். பொணம் வந்துச்சுல்ல."

"யாரு எடுத்தா?"

அண்ணன் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். "நாந்தான் சார்."

"மனு குடுத்ததும் நீங்க, எடுத்ததும் நீங்க. நான் என்னத்த எழுதுறது?"

மொபெட் சீட்டில் காகிதத்தை வைத்து எழுதினார். தடுப்பு ஏதும் காணப்படவில்லை. மனுதாரர் கடை பாதி மூடியிருந்தது. இரண்டும் உண்மைதான்.

அவர் போனதும் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்தோணி, எம்மேல மனுவா குடுத்த?"

"ஆமா. மூணு வாட்டி வாயால சொன்னேன். கரண்டிச் சத்தத்துல ஒனக்கு எங்க கேக்குது."

"மனுவக் குடுத்துப்புட்டு என் டின்ன எதுக்குய்யா உருட்டுன?"

"போறவருக்கு நம்ம சண்டை தெரியுமா பாய்?"

பாய் போய் அடுப்பை மூட்டினார். பெஞ்சுகள் திரும்பி வந்தன. நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். ஆறிய பரோட்டாவின் மேல், கேட்காமலே சூடான சால்னா விழுந்தது. கடைசி டின்னைப் பாய் தானே உருட்டி, செருப்புக்கடைப் படியைத் தொடாமல் தன் கடைப் பக்கமே நிறுத்தினார். இரண்டு பெஞ்சுகள் அன்றோடு உள்ளே போயின. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணனும் மனுவைத் திரும்ப வாங்கவில்லை.

அந்த ஜூனில் ஷூ விற்றது.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். செருப்புக்கடையில் அண்ணனின் மகன் இருக்கிறார். பக்கத்தில் கண்ணாடி போட்ட பெரிய ரெஸ்டாரண்ட். வெளியே செயற்கைப் புல், பூந்தொட்டிகள், சிவப்புக் கயிறு. கயிறு இவர் படியைத் தாண்டிப் போயிருக்கிறது.

"சொல்லிப் பாக்கலயா தம்பி?"

"யார்ட்ட டீச்சர் சொல்ல? ஓனரு சென்னைங்குறாங்க, கோயம்புத்தூருங்குறாங்க. உள்ள வேலை பாக்குறவங்க வாரத்துக்கு ஒருத்தரு மாறுறாங்க. பில்லுல ஒரு நம்பர் இருக்கு. அடிச்சா பாட்டுப் பாடுது."

அவருடைய அப்பாவுக்கு மூன்றடி தூரத்தில், பெயர் சொல்லித் திட்டினால் திரும்பித் திட்டுகிற எதிரி ஒருவர் இருந்தார். அது எவ்வளவு பெரிய வசதி என்று, மனுவை அடித்துக்கொடுத்த எனக்கே அப்போது தெரியவில்லை...