கோயிலில் குடியிருந்த பண்ணையார்

உபதேசியார் வேலை என்பது, போதகர் வராத மூன்று ஞாயிறும் போதகராக இருப்பது, அவர் வருகிற நாலாவது ஞாயிறு பாய் உதறிப் போடுவது. மணி அடிப்பது, பாட்டு எடுத்துக் கொடுப்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்குவது, கலெக்டருக்கு மனு எழுதுவது, சாவு வீட்டில் முன்னால் நடப்பது எல்லாம் இதில் அடக்கம். கிராமத்துச் சபைகளில் இந்த வேலை பார்த்துத் தொண்டை கட்டிப்போன சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நம்பமாட்டார்கள்.

என் சபை நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் இருந்தது. நாற்பது குடும்பம். எல்லாரும் ஒரே பண்ணையில் கூலி வேலை. கோயில் என்றால் மண்சுவர், கீற்றுக் கூரை, உச்சியில் ஒரு மரச்சிலுவை, அவ்வளவுதான். இடம் பண்ணையாருடையது. அவருடைய அப்பா வாய்வார்த்தையாகக் கொடுத்தது, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. புதுக்கட்சி ஆட்சிக்கு வந்து, ஊரில் எல்லாரும் எல்லாரையும் ‘அவர்களே’ என்று அழைக்க ஆரம்பித்திருந்த காலம். எங்கள் தெருவில் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியும் ஏறியது. மறுநாளே பண்ணையார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “வேதக்காரரே, அறுப்பு முடியறதுக்குள்ள கோயிலப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிடணும். இல்லேன்னா அதுல நான் மாட்டக் கட்டிடுவேன்” என்றார். எங்கள் ஆண்டவர் பிறந்ததே மாட்டுக் கொட்டகையில்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. நான் தைரியசாலி இல்லை. “சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சங்கம்

ஒருநாள் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். “யோவ், இந்தத் தெருவுல சங்கம் இருக்காமே?”

“இருக்குங்க ஐயா” என்றேன் பெருமையாக. எங்கள் சபையில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் மாதர் சங்கம்தான். “எத்தனை பேரு?” “பதினோரு பேருங்க. வெள்ளிக்கிழமை தவறாமக் கூடுவாங்க.” “தலைமை?” “அருளாயிங்க. நடவுக்குப் போற பொம்பள. ரொம்ப உறுதியானவங்க.” “யாரு சொல்றபடி நடக்கிறாங்க?” “எல்லாம் மேல இருக்கிறவர் சொல்றபடிதாங்க.” அவர் நோட்டில் ‘மேலிடம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் சங்கம் என்றால் ஒரே சங்கம்தான், அது செங்கொடிச் சங்கம்.

மறுநாள் காலை பதினோரு பெண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அருளாயி வரிசையாக வரப்பில் நடத்திக் கூட்டிப் போனாள், கையில் பாட்டுப் புத்தகத்தோடு. ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு வேளைக்கு ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் பறந்து வந்து சப்-இன்ஸ்பெக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: “உன் சங்கத்த உடனே வந்து அழைச்சிட்டுப் போவியாம். மொத்தம் நாலு பாட்டுதான் தெரியுமாம், அதையே எட்டுத் தடவ பாடிட்டாங்களாம்!”

அறுப்பு

நெல் முற்றி நின்றது. அறுக்க ஆள் இல்லை, வேலைநிறுத்தம். சங்கத்து ஆட்கள் கூட்டமாக வயலில் இறங்கித் தாங்களே அறுக்கப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி. அறுப்பு தள்ளிப் போகப் போக, பண்ணையார் வைத்த கெடுவும் தள்ளிப் போனது. எங்கள் கோயில் அந்தக் கெடுவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. இந்த லட்சணத்தில் வழக்கம்போல அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் விளைந்ததில், வளர்த்ததில் ஏதாவது ஒன்றைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைக்கும் நாள். பெரிய மனதுடைய ஒருவர் மைக் செட் இரவல் கொடுத்தார். நான் தெருவெல்லாம் கேட்க அறிவித்தேன்: “ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுப்பு! எல்லாரும் குடும்பத்தோடு வரவேண்டும்! வெறுங்கையோடு யாரும் வரக்கூடாது!”

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கே இரண்டு வேன் போலீஸ் கோயிலைச் சுற்றி நின்றது. ஒவ்வொருவராக நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஒரு பரங்கிக்காய், இரண்டு கோழி, ஒரு கூடை கத்தரிக்காய் பிடிபட்டன. கடைசியாக மாசிலாமணி வந்தார். ஆறு வயதில் பண்ணையில் மாடு மேய்க்கப் போனவர், தலை நரைத்தும் அங்கேயே இருந்தார். துண்டுக்குள் எதையோ அணைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். “துண்டுக்குள்ள என்னய்யா?” என்று ஏட்டு கேட்டார். மாசிலாமணி பதில் சொல்லுமுன் வாத்து சொல்லிவிட்டது. பிடுங்கிய வாத்தைக் கீழே விட்டால் வாய்க்காலுக்கு ஓடிவிடும். அதனால் ஏட்டு ஆராதனை முடியும்வரை அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கடைசிப் பாயில் நின்றார். ஆசீர்வாதம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து கேட்டார்: “ஐயா, இந்த வாத்த நான் அரெஸ்ட் பண்ணியிருக்கேனா, காணிக்கையாக் கொடுத்திருக்கேனா? எதுன்னு சொல்லிடுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி எழுதிக்கிறேன்.”

ஆண்டவரும் ஆண்டையும்

பண்ணையாட்கள் பண்ணையாரை ‘ஆண்டை’ என்றுதான் கூப்பிடவேண்டும், அது பரம்பரைப் பழக்கம். இனி எவனும் ஆண்டை என்று சொல்லக்கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. எனக்கு உள்ளூர சந்தோஷம். மாசிலாமணிக்குத்தான் திண்டாட்டம். அந்தச் சொல் வாயில் கிளம்பும்போதே ‘ஆண்ட...’ என்று பிரேக் போட்டுப் பழகினார். பழக்கம் முற்றிப்போய், ஜெபத்திலும் ‘ஆண்ட...’ என்று நிறுத்தி, சுற்றும் முற்றும் பார்த்து, “ஐயா, எங்களுக்கு இரங்குங்க” என்று முடிப்பார். களத்தில் பண்ணையாரைக் கண்டாலோ ‘ஆண்ட...’ என்று கிளம்பி, பயத்தில் ‘...வரே!’ என்று முடிந்துவிடும். பண்ணையாருக்கு அது பிடித்தும் போய்விட்டது. நான் மாசிலாமணியைக் கூப்பிட்டு, தெய்வநிந்தனை என்று கடிந்துகொண்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “ரெண்டு பேருக்கும் பேர ஒரே மாதிரி வச்சது யாரு உபதேசியாரே? நானா?”

குடியிருப்பவர் யார்?

பிறகு, பண்ணையார் கோயிலில் கைவைக்குமுன்பே, குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று அரசாங்கம் சட்டம் போட்டது. குமாஸ்தா ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து வீடு வீடாகப் பட்டியல் எழுதப்போகிறார் என்று தெரிந்ததும், நீடாமங்கலத்துக்கு வடக்கே ஒரு வேலையாகப் போயிருந்த நான், கோயிலைச் சபை பேரில் எழுதவைக்கச் சைக்கிளை மிதித்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள். அந்த கேட்டைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எழுதி முடித்துவிட்டுக் குமாஸ்தா போயிருந்தார். கோயில் வாசலில் மாசிலாமணி மட்டும் உட்கார்ந்திருந்தார். நடந்ததைப் பெருமையாகச் சொன்னார். “இதுல யாரு குடியிருக்கிறதுன்னு கேட்டாருங்க. கோயில்ல பொய் சொல்லலாமா? ‘ஆண்ட...’ன்னேன். அதுக்குமேல வாய் வரல. ‘ஆண்டையா?’ன்னு அவரே எழுதிக்கிட்டாரு. எத்தனை வருஷமான்னாரு. ஆதியிலேருந்துன்னேன். குடும்பத்துல எத்தனை பேருன்னாரு. மூணு பேரு, ஆனா ஒண்ணுதான்னேன்.” பிதா, சுதன், ஆவி என்று நான் சொல்லிக்கொடுத்த பாடம்! அந்த வெளியூர் குமாஸ்தா டீக்கடையில் ஆண்டை யாரென்று விசாரித்துப் பண்ணையாரின் முழுப்பேரையும் எழுதிக்கொண்டு போயிருந்தார். சொந்தக்காரரும் அவரே, குடியிருப்பவரும் அவரே என்றால் கோயிலுக்கு ஏது வழி? எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். சேதி கேட்டு வந்த அருளாயி என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அழுவாதீங்க உபதேசியாரே, ஆண்டைக்குக் குடிச ஒதுக்கின அரசாங்கம் நமக்கு மாளிக ஒதுக்காமலா போயிடும்?”

வரிசை எண் பதினாலு

பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். வரிசை எண் பதினாலு: பண்ணையாரின் பேர், ‘குடிசைவாசி, நிலமற்றவர், குடும்பத்தில் மூவர்.’ மத்தியானத்துக்குள் ஊரே படித்துவிட்டது. பண்ணையார் எப்போது நம் தெருவுக்குக் குடிவந்தார் என்று எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அவர் மகளுக்குக் கும்பகோணத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தும் ஒருவர் வந்து பட்டியலைப் படித்துவிட்டு, வீட்டுக்குக்கூட வராமல் திரும்பிப் போய்விட்டார்.

பண்ணையார் காரை எடுத்துக்கொண்டு தாசில்தாரிடம் போனார். சும்மா இருந்திருந்தால் இடம் அவருக்கே. ஆனால் எங்கள் தெருவில் குடியிருப்பவர் என்ற பேரை அவரால் ஒரு நாள் தாங்க முடியவில்லை. நாங்கள் எத்தனையோ தலைமுறை தாங்கிய பேர் அது. “அந்த எடத்துக்கும் எனக்கும் எந்த பாத்தியமும் கிடையாது!” என்று கத்தினார். தாசில்தார் அதையே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி, மை காயவிட்டு, மடித்து வைத்துக்கொண்டார்.

மறுவிசாரணைக்குத் தாசில்தாரே குமாஸ்தாவோடு கோயில் வாசலுக்கு வந்தார். பண்ணையாரும் நின்றார். முதலில் விவரம் சொன்னவர் என்பதால் மாசிலாமணியைத்தான் கேட்டார்கள். ‘சபைக்குச் சொந்தம்’ என்று சொல்லும்படி நான் ஒரு வாரமாக அவருக்குப் பாடம் நடத்தியிருந்தேன். “பெரியவரே, இது யாரு எடம்?” மாசிலாமணி பண்ணையாரைப் பார்த்தார். ‘ஆண்ட...’ என்று வாய் திறந்தது. என் உயிர் போய்விட்டது. அவர் நிறுத்தினார். கக்கத்தில் இடுக்கியிருந்த துண்டை எடுத்தார், உதறினார், தோளில் போட்டுக்கொண்டார். “எங்க எடம்” என்றார். பிறகு, “நாங்கதான் மண்ணு மிதிச்சு செவுரு வச்சோம். அவரு எங்ககூட இருக்காரு” என்று கூரையைக் காட்டினார். பண்ணையார் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். குமாஸ்தா பேனாவைத் திறந்து, “கூட இருக்கிறவர் பேரு?” என்று ஆரம்பித்தார். தாசில்தார் அவர் கையைப் பிடித்தார்: “அவரு பேரு வேணாம்யா. அவரப் போட்டுத்தான் இவ்வளவு குழப்பம். இவங்க பேர எழுது.”

முப்பது வருஷம் அந்தக் கோயிலில் நான் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன், ஆனால் அந்தக் கோயிலை மீட்டது முடிக்காமல் விட்ட ஒரு சொல்லும், ஒரு பெரிய மனிதரின் ரோஷமும், நேரத்துக்குத் திறக்காத ஒரு ரயில்வே கேட்டும்தான்.