சுறாப் புட்டும் ஜன்னல் வகுப்பும்

சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போன அன்று, விடுதித் தண்ணீரைத் திட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். எழுபதுகளில் செங்கல்பட்டில் பி.யூ.சி. (கல்லூரிப் புகுமுக வகுப்பு) படித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சிலேயே வாந்தி எடுத்ததும் கல்லூரி மருத்துவர் என் கண் இமையை இழுத்துப் பார்த்து, ஹெபடைட்டிஸ் (கல்லீரல் வீக்கம்) என்றார். விடுதியின் நோயாளி அறையில் தனியாகப் போட்டார்கள். எண்ணெய் கூடாது, மீன் கூடாது.

கடலோரக் கடப்பாக்கத்துக்காரனிடம் மீன் கூடாது என்பது, கொஞ்ச நாள் மூச்சு விடாதே என்பது போல.

அம்மா தூக்குவாளியில் சுறாப் புட்டோடு பஸ் பிடித்து வந்தாள். எங்கள் குப்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலிலிருந்து எழுந்தவனுக்கும் அதுதான் மருந்து. டாக்டர் மீனைத்தானே வேண்டாமென்றார், மருந்தை இல்லையே என்று வாதாடினாள். எனக்கும் நியாயமாகவே பட்டது. எண்ணெய் சொட்டச் சொட்டத் தின்றேன். கல்லீரலுக்கு மட்டும் அந்த நியாயம் புரியவில்லை. இறங்கிக்கொண்டிருந்த பிலிருபின் (மஞ்சள் நிறம் தரும் பித்தப்பொருள்) மறுபடி ஏறியது.

அப்போதுதான் பயம் பிடித்தது. வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஒரு வருடம் வீணானால் படிப்பை விட்டுக் கடலுக்கு வந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. போர்வைக்குள் அழுதேன்.

எங்கள் கல்லூரியில் மாணவர்களைப் பிரித்து ஆசிரியர்களின் பொறுப்பில் விட்டிருந்தார்கள், டியூட்டர் என்போம். என் டியூட்டர் வரலாற்று ஆசிரியர். அதுவரை அவரைக் கண்டால் ஒளிந்துகொள்வேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அவர் முதல்வரிடம் பேசி, மற்ற ஆசிரியர்களையும் நச்சரித்து, வகுப்பையே என் ஜன்னலுக்கு வெளியே மாற்றிவிட்டார். பெயர் கூப்பிட்டால் கம்பிக்குப் பின்னாலிருந்து நான் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். அவர் நடத்திய பானிபட் போரின் சத்தத்தில் நோயாளிக்கு ஓய்வே இல்லை என்று மருத்துவர் புகார் செய்தார்.

ஒருநாள் என்னைக் கையோடு ஊருக்கு அழைத்துப்போக அப்பா வந்துவிட்டார். வெயிலில் உட்கார்ந்திருந்த பையன்களைப் பார்த்து, ஏன் இப்படி என்று என் நண்பனைக் கேட்டாராம்.

"உம் புள்ளை வெளிய வர முடியாது நைனா. அதான் காலேஜே இங்க வந்துகீது."

அப்பா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். டியூட்டர் வருகை எடுத்தார். என் பெயர் வந்தபோது நான் அசந்து தூங்கிவிட்டிருந்தேன். மறுபடி கூப்பிட்டார். அப்பா எழுந்து நின்றாராம்.

"கீறான் சார். தூங்கிகினு கீறான்."

அன்று அவர் தனியாகத்தான் ஊர் திரும்பினார்.

தேர்வு எழுதினேன், தேறினேன். இன்றும் மதியமானால் உடம்பு படு என்கிறது. முன்பெல்லாம் அதோடு சண்டை போடுவேன். இப்போது படுத்துவிடுகிறேன். நான் எழுந்து வரும்வரை, அந்த ஜன்னல் வகுப்பில் இருந்ததுபோல, என் இடம் அங்கேயே இருக்கும்.